மழை கொண்டதும் காலம் கொண்டதும்

தாப்பாவிலிருந்து வளைந்து வளைந்து மேலேறும் பழைய சாலையில் கேமரன் மலைக்குச் செல்பவர்களை முதலில் வரவேற்கும் ஊர் ரிங்லெட். சரிவெங்கும் தேயிலைச் செடிகளும் காய்கறித் தோட்டங்களும் அவற்றை மூடிய நெகிழிக் கூடாரங்களும் தெரியும். ஊரைத் தாண்டித் தானா ராத்தாவை நோக்கிச் சற்றுத் தொலைவு சென்றால், சாலையோரத்தில் நீண்டு கிடக்கும் ஓர் ஏரியைக் காணலாம். அது இயற்கையாக அமைந்த ஏரியன்று. பெர்த்தாம் ஆற்றின் குறுக்கே சுல்தான் அபு பக்கார் அணையைக் கட்டியதால் உருவான நீர்த்தேக்கம் அது. அணையின் பணி 1963ஆம் ஆண்டில் நிறைவுற்றது. தெலோம் ஆற்றின் நீரும் சுரங்கப்பாதை வழியாக வந்து இந்த ஏரியில் சேர்கிறது. ஏரி நீர், மலையைக் குடைந்து அமைத்த மற்றொரு சுரங்கத்தின் வழியே ஜோர் மின்நிலையத்திற்கு இறங்கி மின்சாரம் தருகிறது.

அந்த அணை எழுந்தபோது பதின்மூன்று வயதுச் சிறுமியாக இருந்த மூதாட்டி ஒருவர் இன்றும் ரிங்லெட்டில் வாழ்கிறார். லயத்து வீட்டில் பிறந்து, இளம் வயதிலேயே கொழுந்துக்கூடையை முதுகில் சுமந்தவர். முப்பது ஆண்டுகளுக்கு மேலாகத் தேயிலைக் கொழுந்து பறித்தவர். ஒரு நாள் மாலை, மழை ஓய்ந்த நேரம், படிவம் ஐந்தில் பயிலும் தம் பேத்தியுடன் ஏரிக்கரையில் நின்றார்.

“அப்பல்லாம் இந்த ஏரித்தண்ணி கறுத்துக் கெடக்கும் கண்ணு. அவ்வளவு ஆழம். இப்பப் பாரு, பால் ஊத்துன தேத்தண்ணி மாதிரி இருக்கு” என்றார்.

“அவ்வளவு மண்ணும் எங்கேயிருந்து வந்துச்சு பாட்டி?”

“எங்கேயிருந்து வரும்? நாங்க நடந்த மலையிலேயிருந்துதான்.”

பேத்தியின் மனத்தில் அந்தப் பதில் தங்கிவிட்டது. பள்ளியின் அறிவியல் கழகத்திற்காக அவள் ஓர் ஆய்வேடு எழுத வேண்டியிருந்தது. ‘நம் ஊர்ச் சரிவுகளிலிருந்து எவ்வளவு மண் போயிருக்கிறது? அதை அளக்க முடியுமா?’ என்று இயற்பியல் ஆசிரியரிடம் கேட்டாள். ஆசிரியர் சிரித்தார். “அளக்கலாம். அதற்கு ஒரு கடிகாரம் வேண்டும். நல்லவேளையாக அந்தக் கடிகாரம் 1963 முதல் உங்கள் மலையிலேயே ஓடிக்கொண்டிருக்கிறது” என்றார்.

அவர் குறிப்பிட்ட கடிகாரம் சீசியம்-137 என்னும் கதிரியக்கத் தனிமம்.

1950களிலும் 1960களின் தொடக்கத்திலும் வல்லரசுகள் திறந்தவெளியில் அணுகுண்டுகளை வெடித்துச் சோதித்தன. வெடிப்பில் உண்டான நுண்துகள்கள் வளிமண்டலத்தின் உயரத்திற்குச் சென்று, உலகெங்கும் பரவி, மழையோடு மண்ணில் இறங்கின. அவற்றுள் ஒன்றுதான் சீசியம்-137. இவ்வாறு இறங்கிய அளவு 1963ஆம் ஆண்டையொட்டி உச்சத்தைத் தொட்டது. அதே ஆண்டு ஆகஸ்டு மாதத்தில், திறந்தவெளிச் சோதனைகளைத் தடைசெய்யும் உடன்படிக்கை மாஸ்கோவில் கையெழுத்தானது. அதன் பிறகு சீசியத்தின் வரவு வேகமாகக் குறைந்தது. நிலநடுக்கோட்டுப் பகுதியில் விழுந்த அளவு, வட பகுதி நாடுகளில் விழுந்ததைவிடக் குறைவு. எனினும், இன்றைய கருவிகளால் அளக்கக்கூடிய சிறுபங்கு மலேசிய மண்ணிலும் தங்கியுள்ளது. இதைக் கேட்டு அஞ்ச வேண்டியதில்லை. மண்ணில் இயற்கையாகவே இருக்கும் பொட்டாசியம்-40 வெளியிடும் கதிர்வீச்சு இதைவிடப் பல மடங்கு அதிகம்.

ரிங்லெட் ஏரியும் இந்தச் சீசியமும் ஏறத்தாழ ஒரே வயதுடையவை. அணை நீரைத் தேக்கத் தொடங்கிய காலத்தில்தான் சரிவுகளின் மேல்மண்ணில் சீசியம் படிந்தது. களிமண் துகள்களை அது இறுகப் பற்றிக்கொள்ளும். எளிதில் நீரில் கரைந்து போகாது. ஆகவே, மேல்மண் எங்கே போகிறதோ அங்கே சீசியமும் போகும். சரிவில் சீசியம் குறைந்திருந்தால் அங்கிருந்து மண் போயிருக்கிறது என்று பொருள். பள்ளத்தில் சீசியம் கூடியிருந்தால் அங்கே மண் வந்து சேர்ந்திருக்கிறது என்று பொருள்.

இதில் ஒரு சிக்கல் உண்டு. மண் ஓர் அங்குலம்கூட நகராத இடத்திலும் சீசியம் குறைந்துகொண்டே வரும். ஏனெனில், அது கதிரியக்கத் தனிமம். தானாகவே சிதைந்து வேறு தனிமமாக மாறிவிடும். அப்படியானால், குறைந்த சீசியத்தில் மழை கொண்டுபோனது எவ்வளவு, காலம் கொண்டுபோனது எவ்வளவு என்று எப்படிப் பிரித்தறிவது? அதற்கு அந்தத் தனிமத்தின் அரை ஆயுட்காலம் துல்லியமாகத் தெரிந்திருக்க வேண்டும்.

அரை ஆயுட்காலம் என்பது, ஒரு கதிரியக்கப் பொருளில் உள்ள அணுக்களில் பாதி சிதைவதற்கு ஆகும் காலம். இதை விளங்கிக்கொள்ள ஆசிரியர் வகுப்பில் ஓர் எளிய செயலை நடத்தினார். பழைய மைலோ டின்னில் 100 சில்லறைக் காசுகளைப் போட்டுக் குலுக்கி, மேசைமேல் கொட்டச் சொன்னார். எண் பக்கம் மேலே விழுந்த காசுகளை ‘சிதைந்தவை’ என்று ஒதுக்கிவிட்டு, எஞ்சியவற்றை மீண்டும் குலுக்க வேண்டும். முதல் முறை ஏறத்தாழ 50 காசுகள் எஞ்சின. அடுத்த முறை ஏறத்தாழ 25. அதற்கடுத்த முறை 12 அல்லது 13. குறிப்பிட்ட ஒரு காசு எந்தக் குலுக்கலில் விலகும் என்று யாராலும் சொல்ல முடியவில்லை. ஆனால், கூட்டமாக நோக்கும்போது பாதி பாதியாகக் குறையும் ஒழுங்கு தெளிவாகத் தெரிந்தது. அணுக்களும் இப்படித்தான். ஓர் அணு அடுத்த நொடியில் சிதையலாம். நூறாண்டு சிதையாமலும் இருக்கலாம். கோடிக்கணக்கான அணுக்கள் சேர்ந்திருக்கும்போது, பாதியாகும் காலம் மாறுவதில்லை. வெயிலும் மழையும் உரமும் அதை மாற்றுவதில்லை.

இந்த ஒழுங்கை முதலில் அளந்து காட்டியவர் எர்னஸ்ட் ரூதர்போர்டு. கனடாவின் மொன்றியால் நகரில் பணியாற்றியபோது, தோரியத்திலிருந்து வெளிவரும் ஒரு வாயுவை ஆராய்ந்தார். அதன் கதிரியக்கம் ஏறத்தாழ ஒவ்வொரு நிமிடத்திலும் பாதியாகக் குறைவதை 1900ஆம் ஆண்டில் வெளியிட்டார். நிமிடக் கணக்கில் பாதியாகும் பொருளை அளப்பது கடினமன்று. கையில் ஒரு கடிகாரமும், கதிர்களை உணரும் கருவியும் இருந்தால் போதும்.

சீசியம்-137 தொடர்பாகவும் அப்படி ஓர் அளவீடு உண்டு. சீசியம் சிதையும்போது பேரியமாக மாறுகிறது. புதிதாகப் பிறக்கும் பேரிய அணுக்களில் பெரும்பாலானவை கூடுதல் ஆற்றலுடன் இருக்கும். அந்த ஆற்றலைக் காமாக் கதிராக வெளியிட்ட பிறகே அவை அமைதி அடையும். இந்தப் பேரியத்தின் அரை ஆயுட்காலம் ஏறத்தாழ 153 நொடிகள். அதாவது இரண்டரை நிமிடத்தைச் சற்றே தாண்டும். உலகின் பல கல்விக்கூடங்களில் மாணவர்கள் இப்பேரியத்தைச் சீசியத்திலிருந்து ஒரு கரைசலால் பிரித்தெடுத்து, கைகர் எண்ணியின்முன் வைத்து, முப்பது நொடிக்கு ஒரு முறை எண்ணிக்கையைக் குறிக்கின்றனர். ஒரு பாடவேளை முடிவதற்குள் எண்ணிக்கை பல முறை பாதியாகிவிடும்.

இதில் கவனிக்க வேண்டிய நுட்பம் ஒன்றுண்டு. பேரியத்தை வைப்பதற்கு முன்பே கைகர் எண்ணி ‘டிக், டிக்’ என்று சிலவற்றை எண்ணிக்கொண்டுதான் இருக்கும். சுவரிலும் தரையிலும் வான்வெளியிலும் இருந்து வரும் பின்னணிக் கதிர்வீச்சு அது. அதை முதலில் தனியாக அளந்து, ஒவ்வோர் எண்ணிக்கையிலிருந்தும் கழிக்க வேண்டும். கழிக்க மறந்தால் பொருள் மெதுவாகச் சிதைவது போன்ற பொய்த்தோற்றம் கிடைக்கும்.

பேரியத்திற்கு இந்த வழி போதும். ஆனால், அதன் தாயான சீசியம்-137 பாதியாவதற்கு ஏறத்தாழ 30 ஆண்டுகள் ஆகும். ஓர் ஆண்டில் அதன் செயல்பாடு 100க்கு ஏறத்தாழ 2.3 மட்டுமே குறைகிறது. அவ்வளவு சிறிய மாற்றத்தை அளக்கும்போது, குறைந்தது சீசியமா அல்லது கருவியின் திறனா என்ற ஐயம் எழும். இதற்காக அமெரிக்கா, ஜெர்மனி முதலிய நாடுகளின் தேசிய அளவியல் நிறுவனங்கள் சீசிய மாதிரியைப் பல ஆண்டுகள் பாதுகாத்து, ஒரே வகைக் கருவியில் திரும்பத் திரும்ப அளந்தன. ஒவ்வொரு முறையும் பக்கத்தில் ரேடியம்-226 மாதிரியையும் அளந்தன. ரேடியத்தின் அரை ஆயுட்காலம் 1600 ஆண்டுகள். சில ஆண்டுகளில் அது கிட்டத்தட்டக் குறையாது எனலாம். ரேடியத்தின் அளவில் மாற்றம் தெரிந்தால் கருவி தடுமாறுகிறது என்று கண்டுகொள்ளலாம். தொடங்கியவர் ஓய்வு பெற, அடுத்தவர் அதே ஏட்டில் தொடர்ந்து எழுதிய அளவீடுகளும் இவற்றுள் உண்டு.

‘அத்தனை ஆண்டு காத்திருக்கத்தான் வேண்டுமா?’ என்று பேத்திக்குத் தோன்றியது. வீட்டில் அதைச் சொன்னபோது, பாட்டி அடுப்படியில் அரிசி அளந்துகொண்டிருந்தார்.

“ஏன் காத்திருக்கணும்? மூட்டையில எவ்வளவு அரிசி இருக்குன்னு தெரியும். தெனமும் எத்தனை டின்னு அளந்து போடுறோம்னு தெரியும். மூட்டை எத்தனை நாளைக்கு வரும்னு சொல்ல, அது காலியாகுற வரைக்குமா பாத்துக்கிட்டு இருப்பாங்க?”

பாட்டி சொன்னதே அறிவியலாளர்கள் கையாளும் இரண்டாவது வழி. பொருளில் மொத்தம் எத்தனை அணுக்கள் உள்ளன என்று முதலில் கண்டறிவர். அடுத்து, ஒரு நொடிக்கு எத்தனை சிதைகின்றன என்று எண்ணுவர். அரிசி நாள்தோறும் ஒரே அளவில் குறையும். அணுக்கள் குறையக் குறையச் சிதைவின் எண்ணிக்கையும் குறையும். அந்த வேறுபாட்டைக் கணக்கில் சேர்க்க, அணுக்களின் எண்ணிக்கையை 0.693 ஆல் பெருக்கி, ஒரு நொடியில் சிதையும் எண்ணிக்கையால் வகுப்பர். விடை நொடிக் கணக்கில் கிடைக்கும். ஒரு மைக்ரோகிராம் சீசியம்-137இல் ஏறத்தாழ 4400 டிரில்லியன் அணுக்கள் இருக்கும். ஒரு நொடிக்கு ஏறத்தாழ 3.2 மில்லியன் அணுக்கள் சிதையும். கணக்கிட்டுப் பார்த்தால் விடை 30 ஆண்டுகளை ஒட்டி வரும்.

இவ்வழியில்தான் மனிதனால் காத்திருந்து காண முடியாத காலங்களும் அளக்கப்பட்டன. ஒரு கிராம் யுரேனியம்-238இல் ஒரு நொடிக்கு ஏறத்தாழ 12,400 அணுக்கள் சிதைகின்றன. அந்தச் சிறு எண்ணிக்கையைக் கொண்டே அதன் அரை ஆயுட்காலம் ஏறத்தாழ 4.5 பில்லியன் ஆண்டுகள் என்று கணித்தனர்.

சீசியம்-137ஐக் கண்டறிந்தவர்களைப் பற்றிப் படித்தபோது பேத்திக்கு வியப்பு ஏற்பட்டது. 1941ஆம் ஆண்டில் கலிபோர்னியாவின் பெர்க்லி பல்கலைக்கழகத்தில் இளங்கலை மாணவியாக இருந்த மார்கரெட் மெல்ஹாஸ், கிளென் சீபோர்க் என்ற அறிவியலாளரின் வழிகாட்டுதலில் அதை இனங்கண்டார். போர்க்கால இரகசியம் காரணமாக அச்செய்தி உடனே வெளியாகவில்லை. மேற்படிப்பைத் தொடரவும் அவருக்கு இடம் கிடைக்கவில்லை. எனினும், அம்மாணவி இனங்கண்ட பொருள் இன்று உலகெங்கும் மண்ணரிப்பை அளக்க உதவுகிறது.

மண்ணாய்வாளர்கள் செய்யும் பணி பொறுமையை வேண்டுவது. முதலில், பல்லாண்டுகளாக யாரும் கிளறாத, மண் அரிக்கப்படாத சமதளம் ஒன்றைத் தேடுவர். அதுவே ஒப்பீட்டு இடம். பிறகு சரிவில் மேலிருந்து கீழாகப் பல இடங்களில் குழாயைச் செலுத்தி மண்ணை எடுப்பர். அதனை உலர்த்தி, சலித்து, ஈயக் கவசத்துக்குள் இருக்கும் ஜெர்மானியம் உணர்கருவியின்மேல் வைப்பர். கருவியைத் திரவ நைட்ரஜன் குளிர்விக்கும். மலேசிய மண்ணில் சீசியம் மிகக் குறைவாக இருப்பதால், ஒரு மாதிரியைப் பல மணி நேரம் எண்ண வேண்டும். அப்போது எண்ணப்படுவது, சீசியத்தின் பிள்ளையான பேரியம் வெளியிடும் காமாக் கதிர்தான். சிலாங்கூரின் பாங்கியில் இயங்கும் மலேசிய அணுவியல் நிறுவனத்தின் ஆய்வாளர்கள் கேமரன் மலையின் மண்ணரிப்பை ஆராய இத்தகைய முறைகளைக் கையாண்டுள்ளனர்.

பேத்தி தன் ஆய்வேட்டில் ஒரு மாதிரிக் கணக்கை எழுதினாள். 1963இல் ஒரு சரிவில் 100 பங்கு சீசியம் விழுந்ததாகக் கொள்வோம். 2023இல் அங்கே 15 பங்கு மட்டுமே இருக்கிறது. அரை ஆயுட்காலத்தை அறியாதவர், ‘85 பங்கு மண்ணோடு போய்விட்டது’ என்று முடிவு செய்வார். அது தவறு. 30 ஆண்டில் பாதி. அடுத்த 30 ஆண்டில் அதிலும் பாதி. ஆகவே, மண் நகராத ஒப்பீட்டு இடத்திலேயே 25 பங்குதான் எஞ்சியிருக்கும். 75 பங்கைக் கொண்டுபோனது காலம். சரிவில் 25 இருக்க வேண்டிய இடத்தில் 15 இருக்கிறது. குறைந்த 10 பங்குக்கு மட்டுமே மழை பொறுப்பு. அதாவது, இருந்திருக்க வேண்டிய சீசியத்தில் 100க்கு 40 மேல்மண்ணோடு சென்றுவிட்டது.

அவள் அதைப் படித்துக் காட்டியபோது பாட்டி தலையசைத்தார்.

“சரியாத்தான் எழுதியிருக்கே. மூட்டையில கொறஞ்சதுக்கெல்லாம் எலிமேல பழி போடக்கூடாது. நாம ஆக்கித் தின்னதைக் கழிச்சிட்டு, மிச்சத்துக்குத்தான் எலிகிட்டக் கணக்குக் கேக்கணும்.”

அந்த மிச்சக் கணக்கு ரிங்லெட் மக்களுக்கு ஏட்டுக் கணக்கு அன்று. ஏரியைத் திட்டமிட்டபோது ஆண்டுதோறும் வந்து சேரும் வண்டலையும் கணக்கிட்டே திட்டமிட்டனர். ஆனால், மலையில் நிலம் திருத்துவதும், செங்குத்தான சரிவுகளை வெட்டிப் பயிரிடுவதும், கட்டடங்கள் எழுப்புவதும் பெருகியபோது, வண்டல் எதிர்பார்த்ததைவிடப் பல மடங்கு வந்து சேர்ந்தது. நெருக்கமாக வளர்ந்த தேயிலைச் செடிகள் மண்ணை ஓரளவு பிடித்து வைக்கும். மூடாத வெற்று நிலம் அவ்வாறு பிடிப்பதில்லை. ஏரியைத் தூர்வாரும் பணி தொடர்ந்து தேவைப்படுகிறது. வண்டல் அடைத்த ஏரியில் பெருமழை நீரைத் தாங்கும் இடமும் குறைகிறது. 2013ஆம் ஆண்டு அக்டோபர் 23ஆம் நாள் அதிகாலை, கனமழையால் ஏரி நிரம்பி, அணையிலிருந்து நீர் திறந்துவிடப்பட்டபோது, கீழேயுள்ள பெர்த்தாம் பள்ளத்தாக்கில் சேற்று வெள்ளம் புகுந்தது. வீடுகள் சேதமுற்றன, உயிர்களும் பறிபோயின. அந்த இரவைப் பற்றிப் பாட்டி அதிகம் பேசுவதில்லை. மழை வலுக்கும் இரவுகளில் இன்றும் அவர் விழித்திருப்பார்.

எந்தச் சரிவிலிருந்து மண் அதிகம் போகிறது என்று துல்லியமாகத் தெரிந்தால்தான் எங்கே படிக்கட்டு முறையில் நிலத்தைத் திருத்துவது, எங்கே வடிகால் அமைப்பது, எங்கே செடிகொடிகளை வெட்டாமல் விடுவது என்று தீர்மானிக்க முடியும். கணக்குத் தவறினால் குற்றம் செய்யாத நிலத்தின்மேல் பழி விழும். காக்க வேண்டிய நிலம் கவனிப்பாரின்றிப் போகும். எங்கோ ஓர் ஆய்வகத்தில் யாரோ பல ஆண்டுகள் பொறுமையாக எண்ணிய எண்கள், இப்படி ரிங்லெட்டின் ஒரு சரிவுக்கு வந்து உதவுகின்றன.

ஆய்வேட்டை ஒப்படைக்கும் நாளுக்கு முந்தைய மாலை, பாட்டியும் பேத்தியும் மீண்டும் ஏரிக்கரைக்குச் சென்றனர். அன்றும் மழை பெய்து ஓய்ந்திருந்தது. ஓடைகள் செந்நிறமாக ஏரியில் இறங்கிக்கொண்டிருந்தன.

“காலம் எடுத்ததைக் கழிச்சாச்சு பாட்டி. மிச்சத்துக்கு மழைகிட்டயா கணக்குக் கேக்குறது?”

பாட்டி சற்று நேரம் ஓடையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

“மழை எப்பவும் பெய்யுறதுதான், கண்ணு. எலி வர்றது எலியோட கொணம். கதவைத் தொறந்து வெச்சது யாருன்னு கேளு.”

வீடு திரும்பியதும் பேத்தி ஆய்வேட்டைத் திறந்தாள். ‘மண்ணைக் காக்க நாம் செய்ய வேண்டியவை’ என்று ஒரு புதிய தலைப்பிட்டு, அதன்கீழ் முதல் வரியை எழுதத் தொடங்கினாள்.